கயிறும் அரமும்

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை. பெயர் வேண்டாம், அங்கே நடந்த தவறு என்னுடையது, அதை அவர்கள் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. கோலப் போட்டியும் பாட்டுப் போட்டியும் நடத்தி அலுத்துப்போன அன்பர்கள், ஓர் ஆண்டு விழாவில் புதுமையாக ஒன்று செய்து பார்த்தார்கள். குறுக்கெழுத்துப் புதிருக்குக் குறிப்பு எழுதும் போட்டி. கட்டம் கிடையாது. விடை தேடும் வேலையும் கிடையாது. விடையை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: தாம்பரம், ஐந்து எழுத்து. அதற்கு ஒரு புதிர்க்குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும், சிறந்ததற்குப் பரிசு. தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டுமே என்ற பேச்சு வந்தபோது, நாவல் எழுதுகிறவனுக்கு வார்த்தை விளையாட்டு தெரியாமலா போகும் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

நாற்பது துண்டுக் காகிதங்கள் வந்திருந்தன. பெயர் இல்லை, எண் மட்டும். அவற்றில் முப்பது, பூகோளப் பாடம். 'சென்னைக்குத் தெற்கே மின்சார ரயில் போகும் ஊர்', 'கிறிஸ்துவக் கல்லூரி இருக்கும் இடம்' என்ற ரகம். இவை எல்லாம் நேர்க்குறிப்புகள். கேட்டது புதிர்க்குறிப்பு. மிச்சம் பத்தில் என் கையில் கடைசி வரை நின்றவை இரண்டு. ஒன்று இது:

ரம்பம் தா! ரயில் நிற்கும் (5)

விழாவில் எனக்கு முன்னால் பேசிய பெரியவர் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். நான் இதை வாசித்ததும் கூடம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. பரிசு இதற்குத்தான் என்று அந்தச் சிரிப்பே முடிவு செய்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவே. மற்றொன்றை நான் வாசிக்கவே இல்லை. அது இது:

கயிற்று நுனியில் கொல்லன் கருவியைக் கட்டி இழுத்தேன், வந்தது செம்பு! (5)

தாம்பு என்றால் கிணற்றுக் கயிறு. அரம், கொல்லன் கருவி. இரண்டும் சேர்ந்தால் தாம்பரம். அந்த மட்டில் எனக்குப் புரிந்தது. ஆனால் ஊரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? செம்புக்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்? பாதியிலே விட்டுவிட்ட குறிப்பு என்று ஒதுக்கினேன். சந்தனம், மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். சானடோரியம் போயிற்று, குரோம்பேட்டை போயிற்று. அந்தச் செம்பு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். 'தாம்பரம்: செம்பு' என்று இருந்தது. தாமிரத்துக்கு இன்னொரு வடிவம். என் தமிழ்ப் படிப்பு கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டது என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்று ராத்திரி அது வேடிக்கையாக இல்லை.

ஒரு வரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வாசகர்கள் கேட்கலாம். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. புதிர்க்குறிப்பு எழுதுவது ஒரு கலை. கலை என்றால் அதில் நல்லது கெட்டது உண்டு; நல்லது கெட்டதைப் பிரிக்க அளவுகோலும் உண்டு. அந்த அளவுகோல் கையில் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்ததுதான் நான் செய்த குற்றம்.

அளவுகோலை வகுத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தது அமெரிக்காவில். 1913ஆம் வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் அமைத்த புதிர்தான் முதலாவது என்பார்கள். அவருடைய குறிப்புகள் நேர்க்குறிப்புகளே. அதைக் கோணலாக்கிய பெருமை லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையைச் சேரும். 1926இல் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் 'டார்க்கிமாடா' என்ற புனைபெயரில் அங்கே புதிர் போட ஆரம்பித்தார். டார்க்கிமாடா, ஸ்பெயின் தேசத்தில் மதத்தின் பெயரால் மனிதர்களை வதைத்த விசாரணை அதிகாரி. புதிர் அவிழ்க்கிறவர்களை வதைப்பதற்குப் பொருத்தமான பெயர்தான். அவர் 1939இல் காலமான பிறகு அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் டி. எஸ். மக்நட், பழைய இலக்கியங்கள் கற்பித்த பள்ளிக்கூட ஆசிரியர். அவரும் இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரையே எடுத்துக்கொண்டார்: 'சிமெனஸ்'. அவருக்குப் பிறகு 1972இல் வந்த ஜானதன் கிரவுதர் வைத்துக்கொண்ட பெயர் 'அஸெட்'. 'டெஸா' என்ற மூன்றாவது அதிகாரியின் பெயரை ஆங்கிலத்தில் தலைகீழாக எழுதினால் அஸெட். ஆங்கில அகரவரிசையின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும்கூட அதுதான். பரம்பரைப் பட்டத்தைக்கூட இவர்கள் புதிராகத்தான் சூட்டிக்கொள்கிறார்கள்!

சிமெனஸ் செய்த பெரிய காரியம், விடை கண்டுபிடிக்கிறவர்களைக் குறிப்பு எழுத வைத்ததுதான். புதிரை அவிழ்த்து அனுப்பினால் மட்டும் போதாது. குறிப்பிட்ட ஒரு விடைக்கு நீயே ஒரு குறிப்பு எழுது என்றார். வந்த குறிப்புகளைத் தரம் பிரித்து, பரிசு பெற்றவை எவை, பாராட்டுக்கு உரியவை எவை, அவை ஏன் நல்லவை, மற்றவை எங்கே தடுக்கி விழுந்தன என்று ஒரு தாள் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பினார். அந்தத் தாள்களிலே ஓர் இலக்கணம் உருவாயிற்று. 1966இல் அவர் அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார். அதன் சாரம் எளியது. ஒரு குறிப்பில் இரண்டு பகுதி இருக்க வேண்டும். ஒன்று, விடையின் நேர்ப்பொருள். மற்றது, விடையின் எழுத்துக்களைக் கட்டிச் சேர்க்கும் வழி. இரண்டும் சரியாக இருக்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது சமாசாரம் எதுவும் உள்ளே புகக்கூடாது. குறிப்பு எழுதுகிறவன் ஏமாற்றலாம். வாசகனை வேறு திசையில் பார்க்கவைத்து இந்தத் திசையில் விடையை மறைக்கலாம். ஆனால் பொய் சொல்லக்கூடாது. விடை தெரிந்த பிறகு வாசகன் திரும்பி வந்து ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்த்தால், எல்லாம் உள்ளபடியே சொல்லியிருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துப்பறியும் கதைக்கும் இதுதானே நியாயம்? கடைசி அத்தியாயத்திலே, அதுவரை தலையையே காட்டாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் கொலைகாரன் என்றால் புத்தகத்தை வீசி எறிய மாட்டோமா?

இந்தக் கண்ணோடு 'ரம்பம் தா'வைப் பாருங்கள். ர, ம், ப, ம், தா. இந்த ஐந்து எழுத்துக்களையும் இடம் மாற்றினால் தா, ம், ப, ர, ம். கணக்குச் சரி. தமிழில் இவ்வளவு சுத்தமாக எழுத்து மாறி விழுவது அபூர்வம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்துக்களை மாற்று என்று குறிப்பில் எங்கே சொல்லியிருக்கிறது? 'தா' என்பது கொடு என்ற கட்டளையாகவும் நிற்கிறது, எழுத்தாகவும் நிற்கிறது. கலைக்கச் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆகவே விடை தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற குறிப்பு இது. கொஞ்சம் மெனக்கெட்டிருந்தால், 'ரம்பம் தா என்று உளறினால் ரயில் நிற்கும் ஊர்' என்று எழுதியிருக்கலாம். உளறினால் எழுத்து குழம்பும் அல்லவா? ஒரே ஒரு வார்த்தை. சிரிப்பும் குறைந்திராது, நாணயமும் கெட்டிராது.

மற்றதைப் பாருங்கள். கயிறு, தாம்பு. அதன் நுனியிலே கொல்லன் கருவி, அரம். கட்டச் சொல்கிறது, கட்டினால் தாம்பரம். வந்தது செம்பு: பொருள். ஒரு வார்த்தை வீணில்லை. மேலே ஓடுகிற கதையோ கிணற்றடிக் கதை. கயிறு என்றதும் கிணறு வருகிறது, கிணறு வந்ததும் செம்பு என்றால் தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. உலோகம் என்று நினைக்கவே தோன்றவில்லை. நான் விழுந்த குழி அதுதான். எழுதியவர் என்னை நேர்மையாக ஏமாற்றியிருக்கிறார். நான் அவரை நேர்மையில்லாமல் தோற்கடித்திருக்கிறேன்.

காரியதரிசிக்கு எழுதினேன். பரிசு கொடுத்தாயிற்று, இனிமேல் மாற்றினால் விகாரமாக இருக்கும், வெளியே சொல்ல வேண்டாம் என்று பதில் வந்தது. ஆனால் அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று தெரிவித்தார். சேலையூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாள். கணவருக்குக் கண் மங்கிவிட்டதால் அவருக்குப் படித்துக் காட்டப் புத்தகம் எடுக்க வருகிறவர். அவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். கார்டில் பதில் போட்டார். 'செம்பு என்று எழுதாமல் ஊர் என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் கிணற்றிலிருந்து ஊர் வராதே' என்று இருந்தது. கோபமா, சமாதானமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கதை எழுதுகிற எனக்கு அந்த ஒரு வாக்கியம் பாடம். மேல்கதை கெடக்கூடாது என்பதற்காகப் பரிசையே பறிகொடுக்கலாம் என்று நினைக்கிற மனசு எத்தனை எழுத்தாளர்களுக்கு உண்டு?

தமிழ்நாட்டிலே குறுக்கெழுத்துப் போட்டி என்றால் பெரியவர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு வருவதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1930களில் 'ஆனந்த விகடன்' குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியபோது அதற்கு இருந்த மோகத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னர் நாடெங்கும் பல பத்திரிகைகள் இதைத் தொழிலாகவே நடத்தின. அந்தப் போட்டிகளின் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒரு மாதிரி செய்து காட்டுகிறேன். 'இது இல்லாதவனை உலகம் மதிப்பதில்லை: ப-ம்.' நடுவில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. பணமா, பலமா? இரண்டும் பொருந்தும். எது சரி என்பது போட்டி நடத்துகிறவர் முன்கூட்டியே எழுதி முத்திரையிட்டு வைத்திருக்கும் உறைக்குள் இருக்கிறது. பணம் என்று ஒரு கூப்பன், பலம் என்று ஒரு கூப்பன் அனுப்ப வேண்டியதுதான். இப்படிப் பத்து இடம் இருந்தால் எத்தனை கூப்பன்? ஆயிரத்து இருபத்து நாலு. கூப்பன் ஒவ்வொன்றுக்கும் கட்டணம்.

1955இல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு போட்டிக்கு 2000 விடைகளுக்கு மேல் வாங்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. பெங்களூரில் அச்சான ஒரு பத்திரிகை மூலம் பெரிய அளவில் போட்டி நடத்திய சமர்பாக்வாலா என்பவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1957இல் தீர்ப்பாயிற்று: அந்தச் சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளைத்தான் கட்டுப்படுத்தும், திறமையால் ஜெயிக்கிற போட்டிகளை அல்ல என்றார்கள். நீதிபதிகள் கட்டிய எல்லைக்கோடு, குறிப்பு எழுதுகிறவனுக்கும் எல்லைக்கோடுதான். இரண்டு விடை பொருந்துகிற குறிப்பு சூதாட்டம். ஒரே விடைதான் பொருந்தும், அதுவும் யோசித்தால்தான் கிடைக்கும் என்றால் அது வித்தை. நான் மேடையில் பரிசு கொடுத்ததும் ஒருவகையில் சூதாட்டமே. சிரிப்பு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் காசு விழுந்தது.

இனி நம்முடைய பாஷைக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஹிந்து' பத்திரிகைப் புதிரைத் தாம்பரம் ரயிலில் பென்சிலும் கையுமாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடற்கரையில் ஏறினால் குரோம்பேட்டைக்குள் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் தமிழில் புதிர் போட வருமா என்று கேட்டால், தமிழுக்கு அது ஒத்துவராது ஸார் என்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒத்துவராதது தமிழ் அல்ல. ஆங்கிலப் புதிரின் சட்டையை அப்படியே தமிழுக்கு மாட்டுகிற காரியம்.

ஆங்கிலப் புதிரின் உயிர்நாடி எழுத்தைக் கலைத்துப் போடுவது. இருபத்தாறு தனி எழுத்து. எதையும் எங்கும் வைக்கலாம். தமிழில் உயிரும் மெய்யும் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாக நிற்கின்றன. கட்டத்துக்குள் 'தா' போனால் அது எங்கே போனாலும் 'தா'தான். தவிரவும் மெய்யெழுத்து மொழிக்கு முதலிலே வராது என்று நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். நம் சொற்களில் எத்தனை ம்மிலும் ல்லிலும் ன்னிலும் முடிகின்றன! அவற்றைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி வைத்த எழுத்து முன்னால் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. 'விகடகவி' போல இரண்டு பக்கமும் ஒத்து வருவது அரிது. அதனால்தான் தெனாலிராமனுக்கு அந்தப் பட்டத்தைக் கதை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதும் மாலைமாற்றாகவே பாடினார் என்றால் அது சம்பந்தருக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமைப் புதிருக்கு ஆகாது.

ஆனால் ஆங்கிலத்தில் இல்லாதது ஒன்று நம்மிடம் இருக்கிறது. புணர்ச்சி. இரண்டு சொல் சேரும்போது இடையிலே உகரம் கெடுகிறது, ஒற்று இரட்டிக்கிறது, யகரம் முளைக்கிறது. சேர்ந்த பிறகு பழைய சொற்களின் முகமே மாறிவிடுகிறது. தாம்பு என்ற சொல்லின் கடைசி எழுத்து தாம்பரத்தில் எங்கே? மறைந்துவிட்டது. புதிர் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நமது தென்புறத்து ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பாக்கத்தை மடி, பாக்கம் என்று பிரிப்பது ஊர்க்காரர் வழி. மடிப்பு, ஆக்கம் என்று பிரிப்பது புதிர்க்காரர் வழி. 'வேட்டியில் விழுவதும் செல்வமும் சேர்ந்த புறநகர்' என்று எழுதிவிடலாம். வண்டலூர் அவ்வளவு சுவைப்படாது. வண்டலும் ஊரும் வெளியிலேயே தெரிகின்றன. கிண்டி ஒரே சொல்லாக இரண்டு வேலை செய்யும்: 'குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன இடத்தைக் கிளறி...' என்று ஆரம்பித்து எப்படியும் முடிக்கலாம். குரோம்பேட்டை, தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் வந்தது. அதை எப்படிப் பிரிப்பதென்று எனக்குப் பிடிபடவில்லை.

வேற்றுமை உருபு இன்னொரு வரப்பிரசாதம். 'சமுத்திரத்தைக் கொறிக்கலாமா? (3)' என்று கேட்டால், விடை கடலை. கடலுக்கு ஐ உருபு சேர்த்தாலும் கடலை, கொறிக்கிறதும் கடலை. கடலைக்குள் கடல் ஒளிந்திருக்கிறதா என்றால், எழுத்தெண்ணிப் பார்த்தால் இல்லை. க, ட, லை மட்டும்தான் இருக்கின்றன. இலக்கணத்தில் இருக்கிறது, எழுத்தில் இல்லை! இந்த வேடிக்கை இங்கிலீஷ்காரனுக்குச் சொன்னால் விளங்குமா?

உண்மையில் இந்த வித்தை நமக்குப் புதிதும் அல்ல. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்தால் பன்னிரண்டு சித்திரகவி வகைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பரீட்சைக்காக அவற்றின் பெயரை உருப்போட்டவர்கள் பலர். இது குறுக்கெழுத்துப் புதிரின் இலக்கணம் என்று கண்டவர்கள் சிலர்தான். பல கேள்வி கேட்டு, அவற்றின் விடைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சொல் வரும்படி செய்வது வினாவுத்தரம். சேலையூர் அம்மாள் செய்தது அதுதானே? ஒவ்வோர் எழுத்தாகக் கழிக்கக் கழிக்க வேறு வேறு பொருள் தருவது அக்கரச் சுதகம். 'பட்டணத்துக்குத் தலை போனால் கை (3)': நகரத்தில் ந போனால் கரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். 'அம்மா வடுவில் மறைந்திருப்பது ஊறுகாய்க்கு ஆகும் (3)': மாவடு. வடு என்றால் தழும்பு என்று படிக்கிறவன் நினைத்துக்கொண்டால் பிழைத்தது. மாம்பிஞ்சுக்கும் வடு என்று பெயர் இருப்பதால் இது கொஞ்சம் பலவீனமான குறிப்பு. பிற்காலத்தார் மாத்திரைச் சுருக்கம் என்றும் ஒன்று சேர்த்தார்கள். நெடிலைக் குறிலாக்கினால் வேறு சொல். 'பள்ளிக்கூடத்தில் கற்பதைக் குறைத்தால் சினிமா (3)': பாடம், படம். இது ஆங்கிலத்தில் நடக்கவே நடக்காது. பெற்றோர்களுக்கும் இதன் மேல்கதை பிடிக்கும்.

பண்டிதர்கள் சித்திரகவியைக் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. சக்கரத்துக்குள்ளும் பாம்புக்குள்ளும் எழுத்தை அடைக்கப்போய்க் கவிதை மூச்சு முட்டிச் செத்தது. கவிதைக்கு அது நல்லதல்ல என்று நானும் சொல்வேன். ஆனால் கவிதைக்கு உதவாத உபகரணம் எதற்குமே உதவாது என்று ஏன் சொல்ல வேண்டும்? உழவுக்கு ஆகாத மாடு வண்டிக்கு ஆகாதா?

இந்தப் பக்கத்து மண்ணுக்கே இதில் ஒரு பங்கு இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். கிறிஸ்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் பட்டணத்தில் இருந்த காலத்தில் அங்கே தமிழ் கற்பித்தவர்களில் இருவர் தங்கள் பெயரையே புதிர்க்குறிப்பாக எழுதியவர்கள். சூரியநாராயண சாஸ்திரி, 'பரிதிமாற் கலைஞர்' ஆனார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். மால், கலைஞரோடு சேரும்போது லகரம் றகரமாகத் திரிந்தது பாருங்கள். புணர்ச்சி தன் வேலையைக் காட்டிவிட்டது. மற்றவர் வேதாசலம். வேதம் மறை; அசலம் மலை. 1911இல் கல்லூரியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, 1916 முதல் மறைமலையடிகள் என்று வழங்கலானார். தனித்தமிழ் இயக்கத்தைப் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். ஒரு சொல்லை மூட்டுக் கழற்றி, ஒவ்வோர் அங்கத்துக்கும் வேறு சொல் வைத்து மறுபடியும் பூட்டுகிற சாமர்த்தியத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் செய்தது மேல்கதை இல்லாத குறிப்பு. மேல்கதைக்குக் கி. வா. ஜகந்நாதனிடம் போக வேண்டும். சிலேடையில் பேர் வாங்கியவர். ஒரு சொல்லைப் பேச்சு நடுவிலே போட்டால் கேட்கிறவருக்கு முதலில் ஒரு பொருள் தைக்கும், மறு நிமிஷம் இன்னொரு பொருள் தைக்கும். புதிர்க்குறிப்புக்கு அந்த இரண்டு நிமிஷமும் வேண்டும்.

நம்மவர்கள் செய்கிற தவறு என்னவென்றால், சிலேடை வந்துவிட்டாலே குறிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவது. சிலேடை கேட்டவர் சிரித்தால் போதும். குறிப்பு, சிரிப்பு அடங்கிய பிறகும் நிற்க வேண்டும். போட்டிக்கு நடுவராக உட்காருகிறவர்கள் எந்தக் குறிப்பையும் மேடையில் முதன்முதலாக வாசிக்கக்கூடாது என்று ஒரு விதியே செய்ய வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனியாகப் படிக்க வேண்டும். புரியாத குறிப்பு என்று ஒன்றை ஒதுக்குமுன், புரியாதது குறிப்பின் குற்றமா, நம்முடைய குற்றமா என்று ஒரு ராத்திரியாவது யோசிக்க வேண்டும். சிமெனஸ் தம் தாளில் செய்ததைப் போல, பரிசு பெறாதது ஏன் பெறவில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு நிர்ப்பந்தம் எனக்கு இருந்திருந்தால், 'செம்பு: சம்பந்தமில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்திருப்பேன், எழுதுமுன் அகராதியையும் எடுத்திருப்பேன்.

மறு வருஷமும் அந்த வாசகசாலை அன்பர்கள் வந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். வற்புறுத்தினார்கள். சேலையூர் அம்மாளை நடுவராகப் போடுங்கள், நான் போட்டியாளனாகக் கலந்துகொள்கிறேன் என்று சொன்னேன். காரியதரிசி முதலில் தயங்கினார், பிறகு போய்க் கேட்டார். அம்மாள் ஒப்புக்கொண்டார். அவர் கொடுத்த சொல் பல்லாவரம். ஆறு எழுத்து.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பல் என்பது தனிக்குறிலை அடுத்த ஒற்று, ஆ என்ற பசு வந்து சேர்ந்ததும் இரட்டிக்கும், பின்னால் வரம். பிரிவு எனக்குப் பரம திருப்தி. 'கடிப்பதும் கறப்பதும் தெய்வம் கொடுப்பதும் சேர்ந்த இடம், மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் (6)' என்று எழுதி அனுப்பினேன். பரிசு வரவில்லை. பாராட்டுக்கு உரியவை என்ற பட்டியலிலும் வரவில்லை. எண் மட்டும்தான் இருந்தது, ஆகவே எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது என்றே நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு காகிதத்தின் பின்னாலும் அவர் பென்சிலால் காரணம் எழுதியிருந்தார். என்னுடையதன் பின்னால் இருந்தது இவ்வளவுதான்: 'அடிகள் பெயரைப் போட்ட பிறகு பல் எதற்கு, மாடு எதற்கு?'